ஜிபி கடிதத்தில் விடுபட்ட வரி

டிஸேபிள்ட் ஸ்டூடன்ட்ஸ் அலவன்ஸ், சுருக்கமாக டிஎஸ்ஏ. இங்கிலாந்தில் படிக்கும் மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவி. டிஸேபிள்ட், அதாவது மாற்றுத்திறனாளி, என்ற அந்த முதல் சொல்லைப் பார்த்தே ஒரு வருடம் அதன் பக்கம் போகாமல் இருந்தேன். அம்மாவும், "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு உனக்கு, ஏன் அந்தப் பட்டியலில பேர் குடுக்கிறாய்?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

முதல் வருடம் காலையில் எழும்பவே முடியாமல் இரண்டு பாடங்களில் பெயில். யூனியின் (பல்கலைக்கழகத்தின்) மனநல கவுன்சிலர் ஆறு தடவை கதைத்தார், அதோடு சரி. கடைசி நாளில் அவர்தான் விளங்கப்படுத்தினார்: மனச்சோர்வு, பதற்றம் போன்றவையும் நீண்டகாலமாக இருந்து படிப்பைப் பாதித்தால் டிஎஸ்ஏக்குள் வரும். கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை, வீட்டு வருமானத்தையும் பார்க்க மாட்டார்கள்.

மாணவர் கடன் கொடுக்கும் அரச அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸில் ஏற்கெனவே இருந்ததால் விண்ணப்பம் பத்து நிமிட வேலை. இழுத்தது ஜிபியின், அதாவது குடும்ப மருத்துவரின், கடிதம். "மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறார்" என்று ஒரே வரி எழுதித் தந்தார்கள். அது போதாது என்று பதில் வந்தது. நோய் பன்னிரண்டு மாதமாவது நீடிக்கும் என்பதும், அன்றாட வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டுமாம். இதற்கென்றே ஸ்டூடன்ட் ஃபைனான்ஸின் இணையத்தளத்தில் ஒரு படிவம் இருக்கிறது. முதலே அதை அச்செடுத்து ஜிபியிடம் கொடுத்திருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது நீட்ஸ் அசெஸ்மென்ட், என்ன உதவி தேவை என்று மதிப்பிடும் சந்திப்பு. பரீட்சை மாதிரி ஏதோ என்று முதல் நாள் இரவு நித்திரையே இல்லை. பார்த்தால், எப்படிப் படிக்கிறாய், எங்கே தடுமாறுகிறாய் என்ற சாதாரணக் கதைதான். ஒரு விஷயம்: அங்கே போய் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். நம்மவர்களுக்கு அது வாயில் தானாக வரும். மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுங்கள்.

2024-25இல் உச்சவரம்பு 26,948 பவுண். கையில் காசாக வரும் என்று நினைக்க வேண்டாம். அவரவர் தேவையைப் பார்த்துத்தான் ஒதுக்குவார்கள், சேவை கொடுப்பவருக்கே பெரும்பாலும் நேரே போய்விடும். கணினி தேவையென்றால் முதல் 200 பவுண் நம்முடையது. எல்லாம் ஒழுங்காகி முடிய 14 வாரம்வரை எடுக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அக்டோபரில் விண்ணப்பித்தேன், பெப்ரவரியில்தான் மனநல மென்டர் (படிப்பைச் சமாளிக்கத் துணை நிற்கும் வழிகாட்டி) கிடைத்தார். கிழமைக்கு ஒரு மணித்தியாலம். முதல் நாள் நாங்கள் செய்தது, நான் திறக்காமல் விட்டிருந்த மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்ததுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்டூடன்ட் விசாவில் வந்து என்னோடு படிக்கும் நண்பனுக்கு இது கிடையாது. அவனுக்கு அந்த ஆறு தடவைதான்.