எங்க தெருத் தண்ணி எங்கே போகுது?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கோடை லீவில் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்துகிறோம். உள்ளூர்ப் பிள்ளைகளோடு, சென்னை, கோயம்புத்தூரிலிருந்து அப்பத்தா வீட்டுக்கு, ஆயா வீட்டுக்கு வந்திருப்பவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சுற்றுச்சூழல் என்று வாயெடுத்தாலே எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: மரம் வளர்ப்போம், மழை பெறுவோம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம். துருவத்தில் பனி உருகுவதுகூடத் தெரிகிறது. உங்க தெருவில் பெய்கிற மழை எங்கே போய்ச் சேருது என்று கேட்டால் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

செட்டிநாட்டில் இதற்கென்று மாடல் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பழைய வீடு ஒன்றே போதும். நாலு பக்கமும் ஓட்டுக் கூரை முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும், இரண்டு சரிவு சேர்கிற மூலையில் கூடல்வாய், அது வழியாக இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே இடத்தில் கொட்டும், அதன் அடியில் அண்டாவை வைத்துப் பிடித்துப் புழங்கியிருக்கிறார்கள். அண்டா நிரம்பினால் மீதித் தண்ணீர் முற்றத்துக் கல்தளத்தில் ஓடி, ஒரு மூலைத் துவாரம் வழியாகத் தெரு வாய்க்காலுக்குப் போய்விடும்.

மே மாதக் கத்திரியில் மழைக்கு எங்கே போவது? ஆளுக்கொரு கோலிக்குண்டைக் கொடுத்து முற்றத்தில் விடச் சொன்னேன். பார்வைக்குச் சமதளமாகத் தெரிகிற தரைதான். கோலி கொஞ்சம் யோசிப்பதுபோல நின்று, அப்புறம் மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்துத் துவாரத்தில் போய் விழுகிறது. கல் இடுக்கில் மாட்டியதைத் தவிர, எந்த மூலையில் விட்டாலும் அங்கேதான். ஏழாவது படிக்கிற ஒரு பையன் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "அக்கா, தரை தாந்து போகல. வேணும்னேதான் இப்படிச் சரிவா போட்டிருக்காங்க" என்றான். அவன் கண்டுபிடித்ததை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்த அளவுக்கு மனதில் நின்றிருக்காது.

அப்புறம் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 200 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 4,000 லிட்டர். ஓடு குடிப்பது, சிதறுவது எல்லாம் போகக் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் ஒரு பெண் அதை 20 லிட்டர் கேனாக மாற்றிப் பார்த்துவிட்டு, "200 கேன்!" என்று கத்தினாள். வீட்டில் கேனுக்குக் காசு கொடுப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அந்த எண் சுருக்கென்று பிடிபடுகிறது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தெருவில் இறங்கினோம். இந்தப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கித்தான் பிழைக்க வேண்டும், குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய் என்று வெட்டி வைத்தது அதற்காகத்தான். 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். அரண்மனை போன்ற வீடுகளைப் படம் எடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், வரட்டும். அந்த வீட்டிலிருந்து ஊருணிக்குப் போகிற வாய்க்காலையும் ஒரு படம் எடுத்தால் எனக்குச் சந்தோஷம்.

பிள்ளைகள் வாய்க்கால் ஓரமாகவே நடந்து வரைபடம் போட்டார்கள், அடைப்பு இருக்கிற இடத்தில் சிவப்புப் பென்சில். ஓரிடத்தில் கார் ஏறுவதற்காக வீட்டு வாசலில் சிமெண்ட் சரிவு போட்டு மூடியிருந்தது. இன்னோரிடத்தில் சிமெண்ட் ரோட்டை உயர்த்தியதில் தண்ணீர் வாய்க்காலுக்கே வர முடியாது. ஊருணிக்குக் கொஞ்சம் முன்னால் வரத்துக்கால் மண்மேடாகி, மேலே சீமைக்கருவேலம். நடுநடுவே பிளாஸ்டிக் தூக்குப் பையும் டீக்கப்பும்.

"2019 ஜனவரியிலேயே தடை பண்ணிட்டாங்கல்ல, அப்புறம் எப்படிக்கா இங்க கிடக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்லாமல் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடை ஆச்சி மறைக்காமல் சொன்னார்: "எல்லாம் வெறுங்கைய வீசிட்டு வாராக. பை இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிருவாக, நான் என்னத்தா பண்றது?" பிள்ளைகள் அன்று சாயங்காலமே பழைய வேட்டியில் பை தைக்க உட்கார்ந்துவிட்டார்கள். கடை வாசலில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது, எடுத்துப் போகிறவர்கள் திருப்பிக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். சில பைகள் திரும்பவில்லை, ஆச்சியே இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறார்.

நொறுக்குத் தீனிக்கு நுங்கு. தின்று முடித்த குரும்பையில் வண்டி செய்து ஓட்டினார்கள், மிச்சத்தை ஆடு தின்றது. சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடக்கும், பிரிக்க முடியாது, அதனால்தான் பழைய சாமான் கடைக்காரர்கூட எடுப்பதில்லை என்பதை அங்கேயே காட்டிவிட்டேன், தனி வகுப்பு தேவைப்படவில்லை.

முகாம் நடத்த நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தயவுசெய்து பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். உலகம் அழியப்போகிறது என்று பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் அது ராத்திரி தூங்காமல் கிடக்கும், அவ்வளவுதான். பனி உருகுவதை அந்தப் பிள்ளையால் நிறுத்த முடியாது. ஆனால் வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது என்று பெரியவர்களுக்குக் காட்ட முடியும், அதையும் நம்மைவிடத் துல்லியமாகக் காட்டும்.

வரைபடத்தின் நகலை ஊராட்சியில் கொடுத்திருக்கிறோம். சிமெண்ட் சரிவு போட்ட வீட்டுக்காரர், அடியில் குழாய் பதிக்கிறேன் என்று பிள்ளைகளிடம் ஒத்துக்கொண்டார். வரத்துக்கால் மண்ணை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் நாமே அள்ளிவிடலாம் என்று இருக்கிறோம். புரட்டாசியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வேலை. மண்வெட்டியும் சட்டியும் வைத்திருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.