பொலிகுதிரைக் கண்காட்சிக்குக் கிளம்பும் முன் ஈ.வி.ஏ. தாளைப் பாருங்கள்

"பாசிட்டிவ். உள்ளே விட முடியாது" என்று சொல்லி, பரிசோதனைத் தாளை என் பக்கம் தள்ளினார் வாசலில் இருந்த அலுவலர். ஆறு மணி நேரம் டிரெய்லரில் நின்றே வந்த முகில், இனப்பெருக்கத்துக்காக நான் வளர்க்கும் பொலிகுதிரை (ஆண் குதிரை), பின்னால் தரைப்பலகையை உதைத்துக்கொண்டிருந்தான். தடுப்பூசி போட்ட குதிரைக்கு அப்படித்தான் வரும் என்றேன். "அப்படியானால் ஊசிக்கு முந்தைய சோதனைத் தாள் எங்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்தவரை அழைத்துவிட்டார்.

நுழைவுப் படிவம், சிப் எண் (குதிரையின் உடலில் பதித்த அடையாளச் சிப்பின் எண்), இன்ஃப்ளூயன்சா ஊசிப் பதிவு, காக்கின்ஸ் சோதனை (குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகைக்கான இரத்தச் சோதனை) எல்லாம் வீட்டிலிருந்தே முடித்த வேலைகள். அவற்றில் ஒரு சிக்கலும் இல்லை. என்னைக் கவிழ்த்தது குதிரை வைரல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற வைரஸ் நோய், சுருக்கமாக ஈ.வி.ஏ. அறிவிப்பில் "ஈ.வி.ஏ. இரத்தப் பரிசோதனைச் சான்று தேவை" என்ற ஒரு வரிதான் இருந்தது. சான்று என்னிடம் இருந்தது. தடுப்பூசி போட்ட குதிரையானால் கூடுதலாக என்ன வேண்டும் என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் அந்த விலங்கைப் பன்னிரண்டு மணி நேரம் வீணாக அலைக்கழித்திருக்க மாட்டேன். முதல் முறையாக நடத்தும் கண்காட்சி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பொலிகுதிரை வளர்க்கிறவர்களுக்கென்றே எழுதிய அறிவிப்பில் இதை விட்டிருக்கக் கூடாது.

நல்லவேளையாக அங்கிருந்த கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். மற்ற குதிரைகள் இருக்கும் பக்கத்திலிருந்து தள்ளி, ஓரத்தில் இருந்த ஒரு கொட்டகையைத் திறந்துவிடச் சொன்னார். மூன்று மணி நேரம் ஓய்வு, தண்ணீர், பிறகு திரும்பலாம் என்றார். நின்று நிதானமாக விளக்கியவரும் அவர்தான். ஊசியால் உண்டான எதிர்ப்பொருளும் நோயால் உண்டான எதிர்ப்பொருளும் இரத்தச் சோதனையில் ஒன்றுபோலத்தான் தெரியும். முகிலுக்கு ஊசி போட்டவர் முந்தைய உரிமையாளர், குட்டிப் பருவத்திலேயே. பதிவேட்டில் ஊசியின் தேதி இருக்கிறது. ஊசிக்கு முன் எடுத்த இரத்தத்தில் எதிர்ப்பொருள் இல்லை என்று சொல்லும் தாள் இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் முகில் ஊசி போட்ட குதிரையா, நோயைச் சுமக்கும் குதிரையா என்று யாராலும் சொல்ல முடியாது.

விதி சரியானது. அதை அந்தக் கோபத்திலேயும் என்னால் மறுக்க முடியவில்லை. இந்த வைரஸை முதலில் பிரித்தெடுத்தது 1953-இல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள பூசைரஸ் என்ற ஊரில். பெட்டைகள் அடுத்தடுத்துக் குறைக்குட்டி போட்டபோது கண்டுபிடித்தார்கள். 1984-இல் கென்டக்கியின் பந்தயக்குதிரைப் பண்ணைகளில் பரவியது. 2006-இல் நியூ மெக்சிகோவின் ஒரு பண்ணையிலிருந்து அனுப்பிய விந்தின் வழியே வேறு மாநிலங்களுக்கும் போனது. இதில் கொடுமை என்னவென்றால், பெட்டையோ காயடித்த குதிரையோ நோய் வந்தால் சில வாரங்களில் தேறிவிடும், கிருமியும் போய்விடும். பொலிகுதிரையிடம் மட்டும் இனப்பெருக்க உறுப்புகளில் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடலாம். பார்வைக்கு மினுமினுவென்று, நன்றாகத் தின்றுகொண்டு, ஒவ்வொரு இணைசேர்ப்பிலும் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். முகிலிடம் இரண்டு பருவங்களில் ஏழு பெட்டைகள் வந்திருக்கின்றன. கொட்டகை வாசலில் நின்று அந்த ஏழு பெட்டைகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

உதவியாளர் முகிலோடு இருக்க, மைதானத்துப் பக்கம் போய்ச் சிறிது நேரம் நின்றேன். குதிரைகளை விடவும் மனிதர்களின் பேச்சு சூடாக இருந்தது. இரண்டே பெட்டை வைத்திருக்கும் ஒரு அம்மா மகிழ்ச்சியில் இருந்தார். "போன வருடம் ஒரு பொலிகுதிரையைத் தேர்ந்தெடுக்க ஐந்து லாயங்களுக்கு அலைந்தேன். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பார்ப்பதற்குள் முதலாவது மறந்துவிடும். இங்கே ஒரே தரையில், ஒரே வெளிச்சத்தில், அடுத்தடுத்து நடத்திக் காட்டுகிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. கால் எடுத்து வைப்பது நேராக இருக்கிறதா, முழங்கால் உள்ளே வளைகிறதா, குளம்பு ஒரே அளவா என்பதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மூத்த வளர்ப்பாளருக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. "இது தாள் கண்காட்சி. பொலிகுதிரையின் தகுதி அதன் குட்டிகளில்தான் தெரியும். குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், பார்க்கலாம்" என்றார். மூன்று வயதுக் குதிரை எத்தனை அழகாக நடந்தாலும், அது தன் குணத்தைக் குட்டிக்குக் கொடுக்குமா என்று மைதானத்தில் தெரியாது என்பது அவர் வாதம். அதுவும் நியாயம்தான். ஆனால் குட்டி பிறக்கவே ஏறக்குறைய பதினொரு மாதம். அது வளர்ந்து நடை தெரிய இன்னும் சில வருடங்கள். அதுவரை இளம் பொலிகுதிரையை வைத்திருப்பவன் என்ன செய்வது? இதை அவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது குரல் ஒன்றும் இருந்தது, அதில்தான் எனக்கு முழு உடன்பாடு. இணைசேர்க்கும் பருவத்தின் நடுவில் ஏன் நடத்துகிறார்கள் என்று ஒரு பெரிய பண்ணையிலிருந்து வந்தவர் கேட்டார். பெட்டைக்கு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறைதான் பருவம் வரும், ஐந்து முதல் ஏழு நாள் நிற்கும். பொலிகுதிரை கண்காட்சிக்குப் போன வாரத்தில் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் மூன்று வாரம் போயிற்று. இணைசேர்க்கும் பருவம் தொடங்குவதற்கு முன்பே கண்காட்சியை நடத்தினால் எல்லோருக்கும் நல்லது. அமைப்பாளர்களிடம் இதை எழுத்தில் கொடுத்தேன், அறிவிப்பில் விட்டுப்போன வரியையும் சேர்த்து.

வீடு திரும்பிய அன்றே முகிலை இணைசேர்ப்பதை நிறுத்தினேன். முன்பதிவு செய்திருந்த மூன்று பெட்டைகளின் உரிமையாளர்களிடமும் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். ஒருவர் வேறு குதிரைக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

பழைய தாளைத் தேடுவதுதான் எளிய வழி என்று நினைத்தேன். ஊசி போட்ட மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார், ஆய்வகத்தின் பெயர் மட்டும் அவருக்கு நினைவிருந்தது. நேரில் போனேன். அங்கிருந்தவர் குதிரையின் பெயரைக் கேட்டார், என் பெயரைக் கேட்டார், இரண்டிலும் ஒன்றுமில்லை என்றார். குதிரைக்கு அப்போது வேறு பெயர், வேறு உரிமையாளர் என்று விளக்கினேன். அந்தப் பெயர்களில் தேட மாதிரி எண் வேண்டும் என்றார். மாதிரி எண் தாளில்தான் இருக்கும், அந்தத் தாளைத் தேடித்தானே வந்திருக்கிறேன் என்றேன். கணினியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அது ஒரு முழு நாள்.

அடுத்த வழி விந்துச் சோதனை. எதிர்ப்பொருள் இருக்கும் பொலிகுதிரையின் விந்தில் வைரஸ் இல்லை என்று காட்டிவிட்டால் போதும். மூன்றாவதாக இன்னொரு வழியும் உண்டு. எதிர்ப்பொருள் இல்லாத இரண்டு பெட்டைகளோடு சேர்த்து, 28 நாள் கழித்து அவற்றின் இரத்தத்தைப் பார்ப்பது. ஒருவேளை முகில் நோயைச் சுமந்தால் அந்தப் பெட்டைகளுக்குக் கொடுத்துவிடுவோமே என்ற பயத்தில் அதை நினைக்கவே மனம் வரவில்லை.

முகில் அதுவரை இயற்கையாக மட்டுமே சேர்ந்து பழகியவன். விந்து சேகரிக்க வைத்த டம்மியை (பெட்டைக்குப் பதிலான பொம்மையை) பார்த்ததும் மோப்பம் பிடித்தான், ஒரு சுற்று சுற்றி வந்தான், திரும்பி நின்றுவிட்டான். தடுப்புக்கு அப்பால் பருவத்தில் இருந்த ஒரு பெட்டையைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் முதல் நாள் நடக்கவில்லை. இரண்டாம் நாள் நடந்தது. மாதிரியை அனுப்பினோம். நான்கு நாள் கழித்து, இந்த மாதிரி பயன்படாது என்று செய்தி வந்தது. சேகரிக்கும் முன் உறுப்பைக் கிருமிநாசினி கலந்த நீரில் கழுவியிருந்தோம். அது விந்தில் கலந்தால் வைரஸ் இருந்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாமாம். உதவியாளர் சுத்தமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்தது.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கிருமிநாசினி வேண்டவே வேண்டாம். முதலில் வரும் தெளிந்த நீர் மட்டும் போதாது, விந்தணு நிறைந்த பகுதி மாதிரியில் இருக்க வேண்டும், வைரஸ் இருந்தால் அதில்தான் இருக்கும். எடுத்த உடனே குளிர்வித்து, ஐஸ் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அது முடியாவிட்டால் உறையவைத்து அனுப்புங்கள். வாரக் கடைசியில் எடுக்காதீர்கள், விடுமுறை நாளில் பெட்டியை வாங்க ஆள் இருக்காது.

இரண்டாவது மாதிரியை நானே காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முடிவு கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோது மறுமுனையில் பேசிய பெண், "சிப் எண் சொல்லுங்கள்" என்றார். பதினைந்து இலக்கங்களையும் சொன்னேன். "விந்தில் வைரஸ் இல்லை, நெகட்டிவ்" என்றார். நான் பேச்சு வராமல் நின்றுகொண்டிருந்தபோது, "இதே எண்ணில் ஆறு வருடத்துக்கு முந்தைய ஓர் இரத்தச் சோதனையும் இருக்கிறதே, அதுவும் நெகட்டிவ். நகல் வேண்டுமா?" என்று கேட்டார்.

நான் தேடி அலைந்த அதே தாள். அதே ஆய்வகம். முன்பு நேரில் போனபோது நான் கொடுத்த படிவத்தின் முதல் வரியிலேயே அந்தச் சிப் எண் இருந்தது. அதைத் தட்டிப் பார்க்க அரை நிமிடம் கூட ஆகியிருக்காது. எங்கே போனாலும் குதிரையின் பெயரைச் சொல்லாதீர்கள். சிப் எண்ணைச் சொல்லி, அதை வைத்துத் தேடும்வரை நகராதீர்கள்.

அன்று மாலை ஏழு பெட்டைகளின் உரிமையாளர்களையும் அழைத்துச் சொன்னேன். அவர்களில் ஒருவருக்கு இப்படி ஒரு சந்தேகம் இருந்ததே அப்போதுதான் தெரியும். நன்றாகத் திட்டினார். முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், அந்தத் திட்டு எனக்குத் தகும்.

கண்காட்சியின் இரண்டாம் சுற்று, இணைசேர்க்கும் பருவம் முடிந்த பிறகு நடந்தது. இந்த முறை அறிவிப்பில் தடுப்பூசி போட்ட குதிரைகளுக்கென்று தனிப் பத்தியே இருந்தது. வாசலில் இரண்டு நிமிடம்தான் ஆனது. முகில் நேர்க்கோட்டிலும் முக்கோணத்திலும் தலை நிமிர்ந்து நடந்தான், ஓடினான், பக்கத்துக் குதிரை கனைத்தபோதும் கயிற்றை இழுக்கவில்லை. இரண்டு சோதனை முடிவுகளின் நகல்களையும் அவன் அறைக் கதவில் எல்லோரும் படிக்கும்படி தொங்கவிட்டிருந்தேன். மற்றவர்களும் அதைச் செய்ய வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டிருக்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

"தாள் கண்காட்சி" என்று சொன்ன மூத்தவர் இந்த முறையும் வந்திருந்தார். கதவில் இருந்ததை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். பிறகு முகிலை வெளியே கொண்டுவரச் சொல்லி, கால்களைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். அவருடைய பெட்டை ஒன்றை அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அனுப்ப விரும்புகிறாராம். பெட்டையின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தேதி சொல்கிறேன் என்றேன்.