கீழ்வீட்டு அங்கிளும் 102 மில்லியன் டாலரும்

நாங்க நியூயார்க் வந்து இறங்குனது 2022 பிப்ரவரி. குவீன்ஸ்ல ஃப்ளஷிங் ஏரியா, ஒரு பழைய வீட்டுல மாடி போர்ஷன், கீழ ஹவுஸ் ஓனரும் அவர் வீட்டம்மாவும், ரெண்டு பேருக்கும் எழுபது தாண்டியாச்சு. வீடு பாக்கும்போது என் வீட்டுக்காரர் பாத்தது செவன் ட்ரெயின் எவ்வளவு தூரம்னு, நான் பாத்தது பிள்ளையார் கோயில் எவ்வளவு தூரம்னு. பௌன் ஸ்ட்ரீட்ல இருக்கற அந்த கோயில் 1977ல கும்பாபிஷேகம் ஆனது, அடித்தளத்துல கேன்டீன் இருக்கு, நெய் ரோஸ்ட் கிடைக்குது, சரி பொழச்சுக்கலாம்னு தோணிச்சு.

ஆனா கோயிலுக்கு தினமும் எத்தன தடவ போக முடியும் சொல்லுங்க. எனக்கு ஹெச்-4 விசா, வீட்டுக்காரர் விசாவ ஒட்டி வர்றது, தனியா வொர்க் பெர்மிட் இல்லாம வேலைக்கு போகக்கூடாது, சென்னையில எட்டு வருஷம் அக்கவுண்ட்ஸ்ல குப்ப கொட்டிட்டு இங்க வந்து பையன ஸ்கூல்ல விட்டுட்டு வந்தா மூணு மணி வரைக்கும் ரேடியேட்டர் டொக் டொக்குங்கற சத்தம்தான் தொணைக்கு. கீழ இருக்கறவர பேர் சொல்லி கூப்பிடுன்னார், எனக்கு வாயில வரவே இல்ல, அங்கிள்னேன். நான் எப்போ உனக்கு அங்கிள் ஆனேன்னு கேட்டார். ஒரு மாசத்துல பழகிருச்சு, அப்புறம் அவரே போன்ல "மாடிக்கு அங்கிள் பேசறேன்"ங்கற அளவுக்கு வந்துட்டார்.

முதல் தடவ அவர் முகத்த தொங்கப்போட்டு பாத்தது மார்ச் ஆரம்பத்துல. என்னாச்சு அங்கிள்னா, லாக்அவுட், முதலாளிங்க கதவ சாத்திட்டாங்க, இந்த வருஷம் உண்டோ இல்லியோன்னார். எனக்கு பக்குனு ஆயிருச்சு, பாவம் இந்த வயசுலயும் எங்கயோ ஃபேக்டரிக்கு போறாரு போல, அதயும் மூடிட்டாங்கன்னு நெனச்சு அன்னிக்கு சாயங்காலம் கொஞ்சம் ரவா கேசரி கிண்டி கொண்டு போய் குடுத்தேன். ஆன்ட்டிதான் சிரிச்சு சிரிச்சு சொன்னாங்க, அது பேஸ்பால்மா, ஓனர்களுக்கும் ப்ளேயர்களுக்கும் சண்டை, இவருக்கு வேற வேல இல்லன்னு. மார்ச் 10 அந்த சண்டை தீந்துச்சு. கேசரி நல்லா இருந்துச்சாம்.

ஏப்ரல்ல ஜன்னல தொறந்து வைக்கற மாதிரி வெயில் வந்ததும் கீழ இருந்து ரேடியோ கேக்க ஆரம்பிச்சுது. வாசப்படியில அங்கிள் ஒரு மடக்கு சேர் போட்டு உக்காந்து இந்த ஊர் பேஸ்பால் டீம் மெட்ஸோட மேட்ச் கேப்பார், ஹோவி ரோஸ் கமெண்ட்ரி. எங்க தாத்தா கும்பகோணத்துல திண்ணையில ட்ரான்சிஸ்டர காதோட ஒட்டிக்கிட்டு சேப்பாக்கம் டெஸ்ட் கேப்பார், அதே போஸ், அதே எரிச்சல், நடுவுல யாராச்சும் பேசினா அதே "ஷ்ஷ்". நான் துணி மடிச்சுக்கிட்டே படியில உக்காந்து கேக்க ஆரம்பிச்சேன். ரூல் ஒண்ணொண்ணா அவர் சொல்ல சொல்ல நான் எனக்கு தெரிஞ்ச கிரிக்கெட்டுக்கு மாத்திக்குவேன், பாதி தப்பா இருக்கும், அவரும் திருத்த மாட்டார்.

எனக்கு சட்டுனு புரிஞ்சது க்ளோசர்தான். அதாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ், ஆரம்பிக்கறவர் அஞ்சோ ஆறோ போடுவார், அப்புறம் புல்பென்ங்கற வார்ம்-அப் எடத்துல இருந்து ரிலீஃப் பிட்சருங்க, அதாவது மாத்து பௌலருங்க, ஒவ்வொருத்தரா வருவாங்க, நம்ம டீம் மூணு ரன்னோ அதுக்கும் கம்மியாவோ லீட்ல இருந்தா கடைசி இன்னிங்ஸ்க்குன்னே ஒருத்தர பொத்தி வச்சிருப்பாங்க. அவர் வந்து மூணு அவுட் எடுத்து முடிச்சுட்டா சேவ்னு அவர் கணக்குல ஒண்ணு ஏறும். டெத் ஓவர் பௌலர்தான, இதுல என்ன இருக்குன்னேன். அங்கிளுக்கு டெத் ஓவர்ங்கற வார்த்தை ரொம்ப புடிச்சுப்போச்சு.

மெட்ஸோட க்ளோசர் எட்வின் டியாஸ், போர்ட்டோ ரிக்கோக்காரர், 39ஆம் நம்பர் ஜெர்சி. அவர் வரும்போது ஸ்டேடியத்துல ஒரு ட்ரம்பெட் பாட்டு போடுவாங்க. அந்த ஆகஸ்ட் 31, பிள்ளையார் சதுர்த்தி சமயம், கொழுக்கட்டை டப்பாவோட கீழ போனா ஆன்ட்டிக்கு தலைவலி, டிக்கெட் வேஸ்ட்டாகுது நீ வர்றியான்னு அங்கிள் கேட்டார். மெட்ஸோட ஸ்டேடியம் சிட்டி ஃபீல்ட் எங்க ஸ்டேஷன்ல இருந்து ஒரே ஸ்டாப். எதிர்ல டாட்ஜர்ஸ், மெட்ஸோட நிம்மோங்கறவர் வேலி மேல எம்பி ஒரு ஹோம் ரன்ன, அதாவது நம்ம சிக்ஸ் மாதிரி வெளிய போக இருந்த பால, கையில புடுங்கினார், மெட்ஸ் 2-1னு லீட்ல இருக்கு, ஒன்பதாவது இன்னிங்ஸ். அன்னிக்கு அந்த பாட்ட வாசிச்ச ட்ரம்பெட்காரரே நேர்ல வந்து நின்னு ஊதுறார், நாப்பதாயிரம் பேரும் எழுந்து கைய ஆட்றாங்க, புல்பென் கதவு தொறந்து அந்த மனுஷன் மெதுவா ஓடி வர்றார். எங்க ஊர் கும்பேஸ்வரர் கோயில்ல மல்லாரி வாசிச்சு சாமி வெளிய வர்ற மாதிரி. எனக்கு நெஞ்சுக்குள்ள தவில் அடிச்சுது, சத்தியமா. அவர் மூணு அவுட் எடுத்து முடிச்சுட்டு போயிட்டார்.

அந்த சீசன் முழுக்க அவர் போட்டது 62 இன்னிங்ஸ், 118 ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூணு ஸ்ட்ரைக்ல அவுட், எதிர்ல நின்ன பேட்டர்ல பாதி பேர் வந்த வழியே திரும்பி போயிருக்காங்க. மெட்ஸ் 101 மேட்ச் ஜெயிச்சாங்க. ஜெயிச்சு என்ன, அக்டோபர்ல முதல் ரவுண்ட்லயே சான் டியேகோ பாட்ரேஸ்கிட்ட தோத்து வெளிய வந்தாச்சு, கடைசி மேட்ச் 6-0. அங்கிள் ரெண்டு நாள் ரேடியோவ தொடல.

நவம்பர் முதல் வாரம் நியூஸ் வந்துச்சு, டியாஸுக்கு அஞ்சு வருஷம், 102 மில்லியன் டாலர். ரிலீஃப் பிட்சர் ஒருத்தருக்கு 100 மில்லியன் தாண்டினது அதுதான் முதல் தடவ. ஊரே ரெண்டாச்சு. அங்கிள் எதிர்ப்பு, ஆன்ட்டி ஆதரவு, லாங் ஐலண்ட்ல இருக்கற பையன் ஆதரவு, ரேடியோவுக்கு போன் பண்ற அத்தன பேரும் ஆளுக்கொரு பக்கம். முக்கு கடை டெலிக்காரர் வேற நியூயார்க்கோட இன்னொரு டீமான யாங்கீஸ் ஃபேன், காபி ஊத்திக்கிட்டே "652"ன்னு மட்டும் சொல்லுவார், அது அவங்க பழைய க்ளோசர் மரியானோ ரிவேராவோட சேவ் கணக்கு, அதுக்கு மேல பேச்சே கிடையாது.

நான் பழைய பழக்கத்துல ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். வருஷத்துக்கு 20.4 மில்லியன், 62 இன்னிங்ஸ்னு வச்சா ஒரு இன்னிங்ஸ்க்கு கிட்டத்தட்ட 3 லட்சத்து 29 ஆயிரம் டாலர், ஒரு அவுட்டுக்கு ஒரு லட்சத்து சொச்சம். வருஷ சம்பளத்த ரூபாய்ல மாத்தினா நூத்தி அறுபது கோடிய தாண்டுது. அந்த டிசம்பர் ஐபிஎல் ஏலத்துல ஒரு டீமுக்கு மொத்த பட்ஜெட்டே 95 கோடிதான். பேப்பர பாத்துட்டு என் வீட்டுக்காரர், வாடகைக்கு இவ்வளவு கணக்கு பாக்கலியேம்மான்னார்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு கீழ கூப்பிட்டாங்க. நாங்க சைவம்னு தெரியும், ஆன்ட்டி எங்களுக்குன்னு தனியா மக்ரோனி பண்ணி வச்சிருந்தாங்க, நான் ஒரு பெரிய டப்பா எலுமிச்ச சாதம். டர்க்கிய வெட்ட ஆரம்பிக்கும்போதே அப்பாவுக்கும் பையனுக்கும் சண்டை ஆரம்பிச்சாச்சு. அங்கிள் கத்திய கையில வச்சுக்கிட்டே பேசறார், 2019 மறந்துட்டியா, சியாட்டில்ல 57 சேவ் எடுத்தவன்னு தூக்கிட்டு வந்தோம், வந்த வருஷமே 58 இன்னிங்ஸ்ல 15 ஹோம் ரன் குடுத்தான், நானே எந்திரிச்சு நின்னு கத்தியிருக்கேன், ரிலீஃப் பிட்சருங்கள நம்பி அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் போடறவன் முட்டாள், முன்னாடி வர்றவன் மூணாவது இன்னிங்ஸ்லயே சொதப்பிட்டா இவன் பென்ச்ல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிச்சுட்டு போவான். பையன் சொல்றார், டீம் முதலாளி கோஹனுக்கு பணம் இருக்கு குடுக்கறார், உங்க பாக்கெட்ல இருந்தா போகுது. இது ரெண்டு தேசத்துலயும் ஒரே வசனம் போல.

அப்பதான் அங்கிள் திடீர்னு என் பக்கம் திரும்பி, மாடி, நீ சொல்லு, அந்த பணத்துக்கு அவன் தேறுவானான்னார். மொத்த மேஜையும் என்ன பாக்குது. இந்த ஊருக்கு வந்து ஒன்பது மாசத்துல என்கிட்ட எல்லாரும் கேட்டது எந்த ஊரு, குளிர் ஒத்துக்குதா, காரம் கம்மியா சாப்பிடுவியா, அவ்வளவுதான். எனக்கு காது சூடாயிருச்சு. அரகொற இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், எங்க ஊர்ல ஒரு பௌலருக்கு மொத்தமே 24 பால்தான், மலிங்காவ 18ஆவது ஓவருக்கும் 20ஆவது ஓவருக்கும் வச்சிருந்தாங்க, 24 பாலுக்கு இவ்வளவான்னு யாரும் கேக்கல, மத்தவன் போடற 24ம் இவன் போடற 24ம் ஒண்ணு இல்ல, அன்னிக்கு ராத்திரி ட்ரம்பெட் கேட்டதும் நீங்க பாப்கார்ன் டப்பாவ கீழ வச்சுட்டு நிம்மதியா கோட் போட ஆரம்பிச்சீங்க அங்கிள், அந்த நிம்மதிக்குத்தான் காசுன்னேன். ஆன்ட்டி மேஜைய தட்டுனாங்க. அங்கிள் நீட்டா சொன்னார், நீ சொல்றது சுத்த பேத்தல்னு. அப்புறம் அர மணி நேரம் என்னோடதான் சண்டை. மக்ரோனி ஆறிப்போச்சு. அன்னிக்கு மாடிப்படி ஏறும்போது எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, விசா ஸ்டாம்பிங் ஆனப்பகூட இல்ல.

2023 மார்ச் 15 ராத்திரி கீழ இருந்து பைப்ப யாரோ தட்டுற சத்தம். போனா டிவி ஓடுது, வேர்ல்ட் பேஸ்பால் க்ளாசிக், நம்ம உலகக்கோப்பை மாதிரி நாடுங்க மோதறது, மயாமி. போர்ட்டோ ரிக்கோ டொமினிக்கன் டீம 5-2ன்னு ஜெயிச்சிருக்கு, கடைசி இன்னிங்ஸ் போட்டு முடிச்சது டியாஸ்தான், எல்லாரும் கட்டிப்புடிச்சு குதிச்சதுல அவர் முட்டி போச்சு. ஆட்டத்துல இல்ல, கொண்டாட்டத்துல. கூட விளையாடின தம்பி பக்கத்துலயே நின்னு அழறார், வீல்சேர்ல வச்சு தள்ளிட்டு போறாங்க. வருஷம் பூரா விளையாட முடியாதுன்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அங்கிள் நான் அப்பவே சொன்னேன்லன்னு ஆரம்பிப்பார்னு காத்திருந்தேன், அவர் ஒரு வார்த்த சொல்லல. சம்பளத்த இன்சூரன்ஸ் குடுத்துரும், ஒன்பதாவது இன்னிங்ஸ யாரு குடுப்பான்னு மட்டும் டிவிய பாத்து கேட்டார்.

என் கத அதவிட கேவலம். 16.25 கோடி குடுத்து சிஎஸ்கே பென் ஸ்டோக்ஸ எடுத்துச்சு, நான் அங்கிள்கிட்ட ஒரு மாசம் பீத்திக்கிட்டேன், அவர் ஆடினது 2 மேட்ச், 15 ரன், அப்புறம் கால் வெரல்ல அடின்னு உக்காந்தவர்தான். தெனமும் காலையில குப்ப டப்பா வெளிய வைக்கும்போது அங்கிள் கேப்பார், உங்க இங்கிலீஷ்காரன் வெரல் எப்படி இருக்குன்னு. உங்க முட்டி எப்படி இருக்குன்னு நான் கேப்பேன்.

மே 29 மெமோரியல் டே லீவு, அகமதாபாத்ல மழையால நடுராத்திரி தாண்டி நடக்கற ஃபைனல் எங்களுக்கு சாயங்காலம். நான் போட்ட கூச்சல்ல அங்கிள் க்ரில்ல அப்படியே விட்டுட்டு சட்டுவத்தோட மாடிக்கு ஏறி வந்துட்டார். கடைசி ஓவர், 13 ரன் வேணும், மோகித் ஷர்மா பௌலிங். இவன்தான் அவங்க க்ளோசரான்னார். நாலு பால்ல மூணே ரன், ஒவ்வொண்ணும் கால்கிட்ட குத்துது. அஞ்சாவது பால் ஜடேஜா சிக்ஸ், ஆறாவது ஃபோர். நான் சோஃபா மேல ஏறி குதிக்கறேன், என் பையன் குதிக்கறான், அங்கிள் ஸ்க்ரீன்ல அந்த பௌலர மட்டுமே பாத்துட்டு நிக்கறார். நாலு பால் எவ்வளவு அழகா போட்டான், பாவம்டான்னார். கீழ ஹாட்டாக் கரிஞ்ச வாசன.

டியாஸ் 2024ல திரும்ப வந்து சுமாரா போட்டார், நடுவுல கையில ஏதோ பிசுபிசுன்னு தடவியிருக்கார்னு அம்பயர் வெளிய அனுப்பி 10 மேட்ச் சஸ்பென்ஷன் வேற. 2025ல பழையபடி மிரட்டல், ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸ்க்கு குடுக்கற ரன் சராசரி, 1.63, ஆனா டீம் கடைசி நாள்ல ப்ளேஆஃப்ஸ கோட்ட விட்டுச்சு. மூணு வருஷத்துல ஒண்ணு ஆஸ்பத்திரி, ஒண்ணு சுமார், ஒண்ணு சூப்பர். இப்ப யோசிச்சா அங்கிள் சொன்னதுல பாதி சரிதான், அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

நாங்க அதுக்குள்ள நியூஜெர்சி எடிசனுக்கு மாறிட்டோம், எனக்கும் வொர்க் பெர்மிட் வந்து ஒரு சின்ன ஆபீஸ்ல மறுபடி அக்கவுண்ட்ஸ். 2025 டிசம்பர்ல ஒருநாள் லஞ்ச் டைம்ல அங்கிள்கிட்ட இருந்து போன். காண்ட்ராக்ட்ல இருந்த வழிய வச்சு டியாஸ் வெளிய வந்துட்டார், டாட்ஜர்ஸ் மூணு வருஷத்துக்கு 69 மில்லியன் குடுத்து தூக்கிருச்சு. ஹலோ கூட இல்ல, எடுத்ததும் 69 குடுக்க முடியாதா இவங்களால, பிச்சக்காரனுங்களான்னு கத்தறார்.

"அங்கிள், 102 வேணாம்னது நீங்கதான?"

"அது அப்போ."

"இப்ப அவருக்கு வயசு 31, ரிலீஃப் பிட்சர நம்பி காசு போடறவன் முட்டாள்னு கத்தியும் கையுமா சொன்னீங்க."

"டர்க்கிய வெட்டும்போது சொன்னதயெல்லாம் கணக்குல எடுக்கக்கூடாது. சரி அந்த வில்லியம்ஸ் என்ன தேறுவான்னு சொல்லு."

டெவின் வில்லியம்ஸ், மெட்ஸ் அதுக்கு முன்னாடியே 51 மில்லியனுக்கு எடுத்து வச்சிருந்த க்ளோசர், 2025ல யாங்கீஸ்ல சொதப்பினவர். அதுக்கும் முன்ன 2024 அக்டோபர்ல மில்வாக்கி டீமுக்காக போடும்போது இதே மெட்ஸோட அலான்சோ இவர் பால்லதான் ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஹோம் ரன் அடிச்சு அவங்க சீசனையே முடிச்சார். அன்னிக்கு அங்கிள் ஆடின ஆட்டத்துல ஆன்ட்டியோட பூந்தொட்டி ஒண்ணு ஒடஞ்சுது. இதயெல்லாம் நான் ஒண்ணொண்ணா எடுத்து விட ஆரம்பிச்சேன், அவர் நிறுத்துன்னார், டெலிக்காரனுக்கு போன் பண்ணி நீதான் சொல்லிக்குடுத்தியான்னார். ஏன் அங்கிள்னா, காலையில காபி வாங்க போயிருக்கார், அந்த மனுஷன் ஒரு வார்த்த பேசலயாம், பேப்பர் கப்ப சுருட்டி வாயில வச்சு அந்த ட்ரம்பெட் பாட்ட முழுசா ஊதி காமிச்சுட்டு, காசு வேணாம் எடுத்துட்டு போன்னானாம்.

"வாங்கிட்டீங்களா?"

"காபிய எதுக்கு விடணும்"னார் அங்கிள்.