பூக்கடை அக்காவின் புலனம்

"செந்தூல்ல ஒரு சாவு தம்பி. ஞாயித்துக்கிழமை பத்துமலை பக்கம் காதுகுத்து."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை அக்கா, மல்லிகை தொடுத்தபடியே கைப்பேசியைப் படிக்கிறார். கை எப்போதும் ஈரம் என்பதால் அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மேலாகவே தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.

இன்றைக்கு எத்தனை மாலை கட்டலாம் என்பதை அவருக்குச் சொல்வது புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) குழுக்களும் கோயில் குழுக்களும்தான்.

முன்பு இந்த வேலையைப் பேப்பர் பார்த்தது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. எங்கள் வீட்டில் எந்தப் பேப்பர் வந்தாலும் பாட்டி முதலில் தேடுவது மரண அறிவிப்பைத்தான்.

இப்போது செய்தி அரை மணி நேரத்தில் கிள்ளான் வரை போய்விடுகிறது. நல்லதுதான். ஆனால் பேப்பரில் தலைப்பிலேயே தேதி இருக்கும். புலனத்தில் "நாளை கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பணி), அனைவரும் வருக" என்று ஒரு வாரமாகச் சுற்றுகிறது. எந்த நாளை?

போன மாதத் திருவிழா அறிவிப்பை யாரோ மறுபடி அனுப்ப, அக்காவுக்கு ஒரு கூடை மல்லிகை நஷ்டம். இப்போதெல்லாம் அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகுதான் பூ எடுக்கிறாராம்.

அறிவிப்பு போடும் அண்ணன்மாரே, அந்தக் குத்துவிளக்குப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி, தேதிக்கு இடம் விடுங்களேன்.