குடம் விழும்போதெல்லாம்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கடை திறப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோ பிரசாரம், இதுதான் அன்றாடச் சோறு. ஆடி பிறந்துவிட்டால் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள், வரும். வில்லுப்பாட்டைப் பதிவு செய்து பென் டிரைவில் போட்டுத் தரச் சொல்லி ஊர்க்காரர்கள் வருவார்கள்.

அப்படி ஒரு சுடலைமாடன் கொடை. ராத்திரி முழுக்கப் பதிவு செய்து கொண்டுவந்து கேட்டால், தலைமைப் பாடகரான அண்ணாவி கதை சொல்லும் இடம் காதோடு பேசுவது போல இருக்கிறது. சாமி வருகிற இடத்தில் கூரையைப் பிய்க்கிறது. பஸ்ஸில் போனில் கேட்கிறவன் எத்தனை தடவைதான் வால்யூமைக் கூட்டிக் குறைப்பான்? சத்தம் எகிறினால் தானாக அமுக்குகிற கம்ப்ரஸர் இருப்பது அதற்குத்தானே என்று மாட்டினேன்.

கணக்கு எளிது. அமுக்கத் தொடங்கும் கோடான த்ரெஷோல்டை மைனஸ் 20 டெசிபலில் வைத்து, எவ்வளவு அமுக்குவது என்கிற ரேஷியோவை நாலுக்கு ஒன்று என்று வைத்தால், மைனஸ் 8-இல் வரும் கத்தல் கோட்டுக்கு மேல் 12 டெசிபல் நிற்கிறது. அந்த 12, 3 ஆகச் சுருங்கி மைனஸ் 17-இல் வெளியே வரும். இப்படி உச்சியைத் தட்டிவிட்டு, மேக்கப் கெயினால் மொத்தத்தையும் தூக்கினால் மெதுவாகப் பேசியதும் கேட்கும். நான் எடுத்தது 1176 என்ற பழைய கருவியின் கம்ப்யூட்டர் நகல். 1967 வாக்கில் வந்த கருவி அது. பெரிய பெரிய பாட்டுக்காரர்களின் குரல் அதற்குள் போய் வந்திருக்கிறது. அந்தப் பெருமையிலேயே பாதி மயங்கிவிட்டேன்.

ஊர்க்காரர்களுக்குப் பிடித்திருந்தது. அண்ணாவி மட்டும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரிதான் தம்பி. ஆனா குடம் விழும்போதெல்லாம் எவனோ என் வாயப் பொத்துதானே.”

திரும்பக் கேட்டேன். உண்மைதான். பாடுகிற மைக்கில், தாளத்துக்கு அடிக்கும் குடத்தின் சத்தமும் ஏறியிருந்தது. குடத்தின் வாயில் பத்தி என்ற தட்டை மட்டை விழும்போது எழும் அந்த ‘தொம்’ அடித்தொனி. காதுக்கு மென்மையாகத் தெரியும், மீட்டரில் மலை மாதிரி நிற்கும். கம்ப்ரஸருக்குக் குரல் எது, குடம் எது என்று தெரியாது. கோட்டைத் தாண்டினால் அமுக்கும், அவ்வளவுதான். குடம் தாண்டியது, குரல் அடிவாங்கியது.

இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. எவ்வளவு சீக்கிரம் அமுக்குவது என்பது அட்டாக், எவ்வளவு சீக்கிரம் பிடியை விடுவது என்பது ரிலீஸ். அந்தக் கருவியில் இந்தக் குமிழ்கள் தலைகீழ். வலப்பக்கம் திருப்பத் திருப்ப வேகம் கூடும். எண் பெரிதானால் நேரமும் நீளும் என்று நினைத்து ரெண்டையும் கடைசிவரை திருகியிருக்கிறேன். அதன் மிக வேகமான அட்டாக் 20 மைக்ரோ செகண்ட். ‘தந்தனத்தோம்’ என்று தொடங்கும்போது அந்த முதல் ‘த’ நாக்கை விட்டு வெளியே வருவதற்குள் அமுங்கிவிட்டது. மணிகளின் கிணுக்கும் வில்லை அடிக்கும் வீசுகோலின் தெறிப்பும் அப்படியே மழுங்கின. ரிலீஸோ 50 மில்லி செகண்ட். ஒவ்வொரு அடிக்கும் பிறகு சட்டென்று பிடியை விட, இடைவெளியில் ஜெனரேட்டர் உறுமல் மேலெழுந்து வந்தது. அடி, உறுமல், அடி, உறுமல். பக்கவாத்தியத்தில் ஜெனரேட்டரையும் சேர்த்த பெருமை எனக்கு.

என் அனுபவத்தில் எல்லாரும் த்ரெஷோல்டையும் ரேஷியோவையும் பற்றியே பேசுவார்கள், ஏனென்றால் அவை எண்ணில் சொல்ல எளிது. பாட்டு உயிரோடு இருப்பதும் சாவதும் மற்ற ரெண்டு குமிழ்களில்தான் இருக்கிறது.

பழசை அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். முதலில் கம்ப்ரஸரே இல்லாமல், கத்துகிற இடங்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் குறைத்தேன். ஒரு நாள் போயிற்று. அப்புறம் ஒரு சாதாரண கம்ப்ரஸர். எப்போது அமுக்குவது என்று அது கேட்டு முடிவு செய்யும் வழிதான் சைடுசெயின். அதில் ஹை பாஸ் ஃபில்டர் போட்டு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் காதை அடைத்தேன். குடத்தின் அடித்தொனி பதிவில் அப்படியே இருக்கும், கம்ப்ரஸருக்கு மட்டும் கேட்காது. அட்டாக் 25 மில்லி செகண்ட், எழுத்தின் முனை தப்பித்தது. ரிலீஸுக்குத் தாளத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 120 அடி என்றால் அடிக்கு அடி 500 மில்லி செகண்ட். அடுத்த அடிக்குள் பிடி தளர வேண்டும், ஆனால் உறுமல் குதிக்கக் கூடாது. 200-க்கும் 300-க்கும் நடுவில் எங்கோ நின்றது. ரேஷியோ மூன்றுக்கு ஒன்று. அமுக்கிய அளவைக் காட்டும் மீட்டர் முள் 4 டெசிபலைத் தாண்டவில்லை.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று. வீடியோவைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், உச்சத்துக்குப் போகும் முன்பே அண்ணாவி தலையை மைக்கிலிருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். கதைக்கு வந்ததும் முன்னால் சாய்கிறார். நாற்பது வருஷமாக ரேடியோ செட்காரர்களோடு மல்லுக்கட்டிக் கற்றதாம். அந்த வேலையைத்தான் நான் மேலும் ஒரு தடவை செய்து கெடுத்திருக்கிறேன்.

அடுத்த கொடையில் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். “வில்லே அதுலதான கட்டிருக்கு, எங்கன தள்ள?” என்றார் குடக்காரர். சரி என்று மைக்கைத் திருப்பி, அதன் முதுகு குடத்தைப் பார்க்கும்படி வைத்தேன். அந்த ராத்திரிப் பதிவுக்கு ஃபில்டரே தேவைப்படவில்லை.