சுவர் வேர்க்குதுன்னா பெயிண்ட் டப்பாவ எடுக்காதீங்க

பீரோவ நகர்த்திப் பாத்தா பின்னாடி சுவர் பூரா கருப்பு கருப்பா புள்ளி, கதவத் தொறந்தா துணில ஒரு மக்கின வாசனை, காலைல ஜன்னல் கண்ணாடில தண்ணி வழிஞ்சு கீழ சட்டத்துல தேங்கி நிக்குது. யார்கிட்ட சொன்னாலும் "வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சிடுங்க"ன்னுதான் பதில் வரும். அடிங்க, கொஞ்ச நாளைக்கு பளிச்சுனு இருக்கும், அப்புறம் அந்த பெயிண்ட் மேலயே புள்ளி வரும். ஏன்னா நிறைய வீடுகள்ல தண்ணி வெளிய இருந்து வரல, நாமளே உள்ள ஆவியா கிளப்பி விட்டு, அது போக வழி இல்லாம சுவத்துல போய் உக்காருது.

அதுக்காக எல்லா ஈரத்தையும் காத்து மேல பழி போட்டுடவும் கூடாது. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட் எடுத்து, அந்த இடத்த நல்லா துடைச்சு காய வெச்சு, நாலு ஓரமும் இடைவெளி இல்லாம டேப் போட்டு ஒட்டிட்டு ரெண்டு நாள் விடுங்க. ரூம பாத்த பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா அது காத்துல இருக்கற ஈரம். சுவர் பக்கம் ஈரம் இருந்தா ஓதம், அதாவது பைப் கசியுது இல்ல மேல இருந்து இறங்குது இல்ல தரைல இருந்து ஏறுது, அதுக்கு ஆள் கூப்பிட்டுத்தான் ஆகணும், ஜன்னலத் தொறந்தெல்லாம் தீராது. நான் சொல்லப் போறது மொத கேஸுக்கு மட்டும்.

விஷயம் இதான். 20 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து சுமாரா 17 கிராம் தண்ணிய ஆவியா வெச்சுக்கும், அதே காத்து 10 டிகிரிக்கு இறங்கினா 9 கிராம் சொச்சம்தான் தாங்கும், மிச்சத்த எங்கயாவது இறக்கி வெச்சுதானே ஆகணும். ரூம் 20 டிகிரி, ஹ்யூமிடிட்டி (காத்து தாங்கற அளவுல எத்தனை பங்கு ஈரம் இருக்குன்ற கணக்கு) 60 சதவீதம்னா, 12 டிகிரிக்குக் கீழ எந்தப் பரப்பு இருக்கோ அங்க தண்ணி படியும். அதான் கண்ணாடி, வெளிச்சுவர் மூலை, பீரோ பின்னாடின்னு எப்பவும் அதே இடங்களா மாட்டுது. பீரோ பின்னாடி ரூம் சூடும் போகாது காத்தும் போகாது, பூஞ்சைக்கு இதவிட என்ன வேணும்? அது வளர சுவர் சொட்டச் சொட்ட நனையணும்னு கூட இல்ல, சுவர ஒட்டின காத்துல ஹ்யூமிடிட்டி தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல இருந்தாலே போதும். ஒரு நாலு விரக்கட இடம் விட்டு பீரோவ முன்னாடி இழுத்துப் போடுங்க, முடிஞ்சா வெளிச்சுவர்ல இருந்து உள்சுவருக்கே மாத்திடுங்க.

ஆவி எங்க இருந்து வருதுன்னா குளியல், சமையல், உள்ள காயப் போடற துணி, நம்ம மூச்சு. நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, கேஸ் அடுப்பு. சிலிண்டர்ல இருக்கற எல்பிஜி ஒரு கிலோ எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல தண்ணி ஆவியா வெளிய வரும். தட்டச்சுப் பிழைனு நினைக்காதீங்க, கேஸ்ல இருக்கற ஹைட்ரஜன் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேர்ந்து தண்ணியா மாறுது, அதான் எடை கூடுது. ஆக பாத்திரத்த மூடி வெச்சு சமைச்சாலும் அடுப்பு தன் பங்குக்கு ஆவி விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

இப்போ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வருவோம். சத்தம் போடுதுன்றதுக்காக அது இழுக்குதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு டிஷ்யூ பேப்பர கிரில்கிட்ட கொண்டு போங்க, பச்சக்குனு ஒட்டிக்கிச்சுன்னா சரி, ஆடிட்டு கீழ விழுந்தா கழட்டி தூசிய எடுக்கற வேலை இருக்கு. ஆனா நல்ல ஃபேன் கூட பல பாத்ரூம்ல தோத்துப் போகும், காரணம் ஃபேன் இல்ல கதவு. கீழ இடைவெளியே இல்லாம கதவ இறுக்கி மூடிட்டா ஃபேன் எந்தக் காத்த இழுத்து வெளிய தள்ளும்? உள்ள வந்தாத்தான் வெளிய போகும். கதவுக்கு அடில ஒரு விரல் உசரம் சந்து இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூத்து, ஃபேனுக்குப் பக்கத்துலயே இருக்கற ஜன்னலத் தொறந்து வெக்கிறது. அந்த ஜன்னல்ல வர்ற காத்தையே ஃபேன் இழுத்து வெளிய விட்டுட்டு சும்மா சுத்திக்கிட்டு இருக்கும், ஷவர்கிட்ட ஆவி அப்படியே நிக்கும். காத்து ஒரு கோடில உள்ள வந்து ரூம் பூரா கடந்து மறுகோடில வெளிய போகணும், மொத்த வென்டிலேஷனும் இவ்ளோதான். அப்புறம் குளிச்சு முடிச்சதும் ஃபேன ஆஃப் பண்ணாதீங்க, சுவர்லயும் தரைலயும் இருக்கற தண்ணி அதுக்கப்புறம்தான் ஆவியாகுது, ஒரு 15-20 நிமிஷம் ஓடட்டும், வீட்டுக்குள்ள பாக்கற கதவு மட்டும் சாத்தியே இருக்கட்டும்.

ரூமுக்கும் இதே கதைதான், ஒரு ஜன்னல நாள் பூரா லேசா தொறந்து வெக்கிறதுக்கு எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் பத்து நிமிஷம் ஃபுல்லா தொறந்து விடறது மேல்.

ஆனா எப்பத் தொறக்கணும்? இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க, மழை பெஞ்சா மூடணும்னு நினைக்கிறாங்க. வெளிய 10 டிகிரி, 90 சதவீதம் ஹ்யூமிடிட்டின்னு வெச்சுக்கோங்க, கேக்கவே பயமா இருக்கும், ஆனா அந்தக் காத்துல கன மீட்டருக்கு எட்டரை கிராம்தான் தண்ணி, உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடானா அது 50 சதவீதக் காத்து, அதாவது தாராளமா தொறக்கலாம். இப்ப மாத்திப் பாருங்க, வெளிய 30 டிகிரி 85 சதவீதம் புழுக்கம், உள்ள ஏசி போட்டு 24 டிகிரில சில்லுனு இருக்கு. வெளிக்காத்துல 26 கிராம் கிட்ட இருக்கு, 24 டிகிரி காத்து 22 கிராம்தான் தாங்கும். "கொஞ்சம் காத்து வரட்டும்"னு ஜன்னலத் தொறந்தா டைல்ஸ் வேர்த்து வழுக்கும், பீரோ கண்ணாடி மங்கும். அதனால வெதர் ஆப்ல ஹ்யூமிடிட்டி சதவீதத்தப் பாக்காதீங்க, டியூ பாயிண்ட்னு ஒண்ணு போட்டிருக்கும் அதப் பாருங்க, எந்த டிகிரிக்குக் குளிர்ந்தா காத்து தண்ணிய இறக்க ஆரம்பிக்கும்ன்றதுதான் அது. வெளிய இருக்கற டியூ பாயிண்ட் உள்ள இருக்கறத விடக் கம்மியா இருந்தா தொறங்க, கூட இருந்தா மூடி வெச்சு ஏசியையோ டீஹ்யூமிடிஃபையரையோ (காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற மெஷின்) ஓட விடுங்க.

உள்ள எவ்ளோன்னு தெரிய ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போதும், அது காட்டற டெம்பரேச்சரையும் ஹ்யூமிடிட்டியையும் போட்டா டியூ பாயிண்ட் சொல்ற கால்குலேட்டர் நெட்ல நிறைய இருக்கு. மீட்டர் பொய் சொல்லுதான்னு பாக்க, ஒரு மூடில உப்பப் போட்டு ஈர மணல் மாதிரி ஆகற வரைக்கும் சொட்டுச் சொட்டா தண்ணி விட்டு, மீட்டரோட சேத்து காத்துப் புகாத டப்பால ஒரு நாள் மூடி வைங்க. 75 காட்டணும். 70னு காட்டினா இனிமே எப்பவும் 5 கூட்டிப் படிங்க.

ஈரத்த உறிஞ்சுற பாக்கெட், டப்பாலாம் மூடின அலமாரிக்குள்ள வேலை செய்யும், ரூமுக்கு வெச்சா சும்மா வெச்ச மாதிரிதான். வந்துட்ட பூஞ்சைய காஞ்ச துணியால தேய்க்காதீங்க, தூள் பறந்து வீடு பூரா பரவும், மாஸ்க் போட்டு ஈரத் துணில துடைங்க. ப்ளீச் யூஸ் பண்ணா அதோட ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் கலக்கவே கூடாது, வர்றது விஷ வாயு.

கொசு வலை போட்ட ஜன்னல்னா அந்த வலையையும் ஒரு தடவ வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. பல வீட்ல ஜன்னல் தொறந்துதான் இருக்கு, வலைல படிஞ்ச தூசிதான் காத்த மறிக்குது. கழட்டி பிரஷ் போட்டுக் கழுவி மாட்டுங்க.