இரண்டு ஓதங்கள்

கடல் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வற்றும். அந்த வாரம் எங்கள் வேலையும் அதே கணக்கில் பிந்தித் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லாக் மொய்டார்ட் என்ற கடற்கழி, அதில் ஒரு பாறைத் தீவு, அதன்மேல் இடிந்த கோட்டைவீடு. பெயரை டியோரம் என்று எழுதி, சீரம் என்று சொல்கிறார்கள். கடல் வற்றினால் மணலில் நடந்தே போய்விடலாம். முக்காலி, கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்டு போய் வெளிச்சுவர்களை அளக்க வேண்டும். கல் விழும் அபாயத்தால் உட்பகுதியை 1998-லேயே மூடிவிட்டார்கள்.

கிளான்ரனால்ட் என்ற குலத்தின் தலைவர்களுக்கு ஒருகாலத்தில் இருப்பிடம் இது. 1715-இல் தலைவர் ஆலன் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீட்க எழுந்த ஜேக்கபைட் கிளர்ச்சிக்குப் புறப்பட்டபோது, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று தாமே கொளுத்தச் சொன்னார். அதே ஆண்டு ஷெரிப்மூர் போரில் இறந்தார். அதற்குப் பிறகு கூரை ஏறவேயில்லை.

மூன்றாம் நாள், வடமேற்கு மூலையில் இன்னும் பத்துப் புள்ளிகள்தானே என்று நின்றதில் வழி மூடிவிட்டது. நான்கு மணி நேரம் அங்கேயே. மழை விட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, பாறைகூடக் காய்ந்துவிட்டது. சுவரில் மட்டும், என் கண் மட்டத்தில், ஒரு கல்லிடுக்கில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு துளி திரளும், தொங்கும், விழும். அப்புறம் அடுத்தது. இறங்கிய தடமெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

படித்துத் தெரிந்திருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இந்தச் சுவர்களுக்கு இருபுறமும் கல்முகம், நடுவில் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த பொதி. கூரையில்லாத உச்சி வழியாக மழை உள்ளே இறங்கி, சாந்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. உள்ளே பொக்கை விழுகிறது, சுவர் வயிறு தள்ளுகிறது. 2000-இல் இதே வடமேற்குச் சுவரில்தான் பெரிய சரிவு.

ஓதம் என்றால் கடலேற்றம். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்றால் ஈரம். வருகிறவர்கள் எல்லோரும் முதல் ஓதத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கோட்டையோ பாறைமேல் உயரத்தில் இருக்கிறது, இதைத் தின்பது இரண்டாவது ஓதம். தீவின் கேலிக் மொழிப் பெயருக்கு 'உலர்ந்தது' என்று பொருள்.

சிமென்ட் வைத்து அடைத்துவிடலாமே என்றும் கேட்பார்கள். கூடவே கூடாது. நீர் உள்ளேயே தங்கும், குளிரில் உறைந்து கல்லைப் பிளக்கும். சுவரின் உச்சியில் மண்ணும் புல்லும் பரப்பினாலே மழை உள்ளே இறங்குவது குறையும். மறுபடி கூரை போட்டு வீடாக்கும் திட்டத்துக்கு முன்பு அனுமதி கிடைக்கவில்லை. சரிதான், பழைய வேலையின் தடயங்கள் புது வேலைக்குள் மறைந்துவிடும். ஆனால் தானாக விழட்டும் என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாலையில் வழி திறந்தது. ஊறும் இடுக்கை எங்களிடம் யாரும் அளக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் வரைபடத்தில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாள் மழை விட்டதும் சுவர் முழுக்கச் சுற்றிவந்து தேடினேன். பதினான்கு புள்ளிகள்.